மந்த காலத்தில் டாக்சி மீட்டர் ஏறலாமா?

2021 மார்ச் 1 முதல் மும்பையில் டாக்சியின் குறைந்தபட்சக் கட்டணம் 22 ரூபாயிலிருந்து 25 ரூபாய் ஆனது. ஆட்டோவுக்கு 18-லிருந்து 21. தேதியைக் கொஞ்சம் கவனியுங்கள். ஊரடங்கு தொடங்கி ஏறக்குறைய ஒரு வருடம் ஆகியிருந்தது. பிகேசி, நரிமன் பாயிண்ட் போன்ற அலுவலகப் பகுதிகளில் வேலை செய்கிறவர்கள் பலர் இன்னும் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். தாராவிப் பட்டறைகள் முழு மூச்சாக ஓடவில்லை. அடுத்த மாதமே இரண்டாவது அலை வந்து, ஆட்டோவில் இரண்டு பயணிகள், டாக்சியில் பாதி இருக்கை என்று மறுபடியும் கட்டுப்பாடு. வண்டியில் ஏற ஆளே இல்லாத நேரமாகப் பார்த்துக் கட்டணத்தை உயர்த்தியிருக்கிறார்கள்.

மாட்டுங்காவில் பூ விற்பவர் இப்படிச் செய்ய மாட்டார். ராத்திரி கடை கட்டும் நேரத்தில் மல்லிகை மீந்திருந்தால் முழத்துக்கு ஐந்து பத்து குறைத்துத் தள்ளிவிடத்தான் பார்ப்பார். டாக்சிக்கு மட்டும் ஏன் நேர்மாறாக நடக்கிறது? ஓட்டுநர்களின் பேராசை என்பார்கள் சிலர், அரசின் அலட்சியம் என்பார்கள் வேறு சிலர். இரண்டும் பாதி விடைகூட இல்லை. டாக்சிக் கட்டணம் ஓட்டுபவரும் ஏறுபவரும் பேசி முடிவு செய்கிற விலை அல்ல. மூன்றாவது ஒருவர், ஒரு கணக்கை வைத்துக்கொண்டு, சில வருடங்களுக்கு ஒருமுறை அறிவிப்பது. அந்தக் கணக்கு எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதே இல்லை என்று தெரிந்துகொண்டால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பேரம் பேச முடியாத இடம்

முதலில் ஒரு சந்தேகம் வரலாம். அரிசிக்கும் சட்டைக்கும் கடைக்காரர் வைப்பதுதான் விலை. டாக்சி விலையில் மட்டும் அரசுக்கு என்ன வேலை?

சென்னையிலிருந்து ரயிலில் வந்து விடியற்காலையில் குர்லா டெர்மினஸில் இறங்குகிற குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டு பெட்டி, ஒரு அட்டைப்பெட்டி, தூக்கக் கலக்கத்தில் ஒரு குழந்தை. போக வேண்டிய இடம் எத்தனை கிலோமீட்டர் என்று அவர்களுக்குத் தெரியாது, ஓட்டுநருக்குத் தெரியும். நான்கு வண்டிகளிடம் விலை விசாரித்து வரும் தெம்பும் இல்லை. ஏறி உட்கார்ந்துவிட்டால் பாதி வழியில் கடையை மாற்றவும் முடியாது. ஓட்டுநர் பக்கமும் போட்டிக்கு இடமில்லை: ஸ்டாண்டில் வரிசையில் முதலில் நிற்பவருக்குத்தான் சவாரி. ஐந்தாவதாக நிற்பவர் பத்து ரூபாய் குறைத்து வரத் தயாராக இருந்தாலும் அவர் முறை வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். வாங்குபவருக்கு விவரம் தெரியாமல், விற்பவருக்குப் போட்டி இல்லாமல் நடக்கிற வியாபாரத்தில் விலை தானாக நியாயமாக அமையாது. உலகத்தில் பல நகரங்கள் டாக்சிக்கு மீட்டரும் கட்டண அட்டையும் வைத்திருப்பதற்கு இதுதான் காரணம்.

ஆனால் விலையை நிர்ணயித்தால் மட்டும் போதாது, காலாகாலத்தில் திருத்திக்கொண்டே இருக்கவும் வேண்டும். இதற்குச் சென்னையை விட நல்ல உதாரணம் கிடையாது. 2013-இல் அங்கே ஆட்டோவுக்கு முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அதன்பிறகு பத்து வருடங்களுக்கு மேல் அந்த அட்டையைத் தொடவில்லை. பெட்ரோல் விலை எங்கோ போய்விட்டது, மீட்டர் வெறும் அலங்காரப் பொருளாகிவிட்டது. மும்பைக்கு வரும் சொந்தக்காரர்கள், "இந்த ஊர்ல கேக்காமலே மீட்டர் போடுறாங்களே" என்று ஆச்சரியப்படுவார்கள். இங்கே ஓட்டுகிறவர்கள் எல்லாம் உத்தமர்கள் என்பதால் அல்ல (கிட்டத்தில் போக வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள், எத்தனை பேர் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள் என்று தெரியும்). மீட்டரில் ஓடினாலும் கட்டுப்படியாகும் என்ற அளவுக்காவது கட்டணத்தைத் திருத்தி வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மாநகராட்சி அல்ல

மும்பையில் பத்துப் பேரைக் கேட்டால் பாதிப் பேர் டாக்சிக் கட்டணத்தை மாநகராட்சி வைக்கிறது என்பார்கள். இல்லை. மாநகராட்சியின் கையில் இருப்பது பெஸ்ட் பஸ். அந்த பஸ் கட்டணத்தை மாற்றக்கூட அது இன்னொரு அமைப்பின் ஒப்புதலைப் பெற வேண்டும். மும்பை பெருநகரப் பகுதி போக்குவரத்து ஆணையம் என்று அதற்குப் பெயர். மாநிலப் போக்குவரத்துத் துறையின் செயலர்தான் அதன் தலைவர். டாக்சி, ஆட்டோ கட்டணத்தை அறிவிப்பதும் இதே ஆணையம்தான். அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்றால், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 67-ஆம் பிரிவிலிருந்து. வாடகை வண்டிகளின் கட்டணம் பற்றி, அதன் உச்சவரம்பும் கீழ்வரம்பும் உட்பட, மாநில அரசு உத்தரவிடலாம் என்கிறது அந்தப் பிரிவு. 'கீழ்வரம்பு' என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வேறு ஊர்களில் ஏற்பாடு வேறு. பெங்களூருவில் ஆட்டோ கட்டணத்தை அறிவிப்பது மாவட்ட அளவிலான ஆணையம், அதன் தலைவர் துணை ஆணையர், அதாவது நம் ஊர்க் கலெக்டர் மாதிரி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும், லண்டனைத் தவிர்த்த பகுதிகளில், உள்ளூர் மன்றங்களே டாக்சிக் கட்டண அட்டையைத் தயாரிக்கின்றன. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அங்கே ஒரு நல்ல வழக்கத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது: புதிய கட்டணத்தை உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் செய்து, ஆட்சேபம் சொல்ல மக்களுக்குக் குறைந்தது 14 நாள் தர வேண்டும். அந்த அட்டையில் இருப்பது உச்சவரம்பு மட்டுமே. மந்தமான நாளில் ஓட்டுநர் குறைத்து வாங்கிக்கொண்டால் யாரும் கேட்கப் போவதில்லை.

மும்பையில் பயணிக்குக் கட்டண உயர்வு பெரும்பாலும் செய்தியாகத்தான் வந்து சேர்கிறது. யூனியன்களுக்கு ஆணையத்தின் கதவைத் தட்டத் தெரியும், தட்டியும் திறக்காவிட்டால் வேலைநிறுத்தம் இருக்கிறது. பயணிகளுக்கு யூனியன் இல்லை. மும்பை கிராஹக் பஞ்சாயத் என்ற நுகர்வோர் அமைப்பு நீதிமன்றம் வரை போனதால்தான் கட்டணக் கணக்கின் உள்விவரங்கள் ஓரளவுக்காவது பொதுவில் பேசப்பட்டன.

கணக்கில் என்ன இருக்கிறது

2012-இல் ஓய்வுபெற்ற அதிகாரி பி. எம். ஏ. ஹகீம் தலைமையிலான ஒருநபர் குழு ஒரு சூத்திரம் கொடுத்தது. அந்த அக்டோபரில் டாக்சி 19 ரூபாய், ஆட்டோ 15 ரூபாய் ஆனது. 2014-இலும் 2015-இலும் ஏறி டாக்சி 22-க்கு வந்தது. அதோடு அந்தச் சூத்திரத்தின் ஆயுள் முடிந்தது. 2016-இல் பி. சி. கடுவா தலைமையில் புதிய குழு, 2017-இல் அறிக்கை, 2020 மார்ச்சில் அரசின் ஒப்புதல். அந்த மார்ச் மாதக் கடைசியில்தான் நாடே பூட்டப்பட்டது.

இப்போது முதலில் பார்த்த புதிருக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது. 2021-இல் வந்த மூன்று ரூபாய் மந்தத்துக்காக வந்தது அல்ல. 2015-க்குப் பிறகு ஆறு வருடம் தேங்கி நின்ற பாக்கி. வந்து சேர்ந்த நேரம்தான் மோசம்.

குழுக்கள் மாறினாலும் கணக்கின் அடிப்படை ஒன்றுதான். ஒரு வண்டியைச் சாலையில் ஓட்ட என்னென்ன செலவாகும்? வண்டியின் விலை, அதற்கான கடன் வட்டி, இன்சூரன்ஸ், எரிபொருள், டயர், பழுதுபார்ப்பு, ஓட்டுநரின் குடும்பம் பிழைக்க ஒரு தொகை. எல்லாவற்றையும் கூட்டி, வண்டி ஓடும் கிலோமீட்டரால் வகுத்தால் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வரும். 2025 பிப்ரவரி 1 முதல் டாக்சிக்கு அது 20 ரூபாய் 66 காசு, ஆட்டோவுக்கு 17 ரூபாய் 14 காசு. குறைந்தபட்சக் கட்டணம் என்று தனியாக ஏதோ மந்திர எண் இல்லை. அது முதல் ஒன்றரைக் கிலோமீட்டருக்கானது. 20.66-ஐ ஒன்றரையால் பெருக்கிப் பாருங்கள், டாக்சியின் 31 ரூபாய் வந்துவிடும். 6 கிலோமீட்டர் போனால் 124 ரூபாய். அதற்கு முந்தைய கட்டணத்தில், அதாவது 2022 அக்டோபரிலிருந்து இருந்த 28 ரூபாய்க் காலத்தில், இதே தூரத்துக்கு 112 ரூபாய். நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை இதற்கு மேல் கால் பங்கு கூடுதல்.

சயான் கோலிவாடாவிலும் தாராவியிலும் இருப்பவர்களுக்கு இந்த இரண்டு விகிதமும் அன்றாடம் தேவைப்படும். ஆட்டோ பாந்த்ரா, சயான் தாண்டித் தெற்கே வராது. வடக்கே போனால் 26 ரூபாய் ஆட்டோ, தெற்கே போனால் 31 ரூபாய் டாக்சி, இல்லையென்றால் பஸ்.

செலவுக் கணக்கில் ஒரு கோளாறு உண்டு. செலவு ஏறினால் கட்டணம் தாமதமாகவாவது ஏறுகிறது. செலவு இறங்கினால்? மும்பையில் டாக்சிகள் பெரும்பாலும் சிஎன்ஜியில் ஓடுகின்றன. 2022 நவம்பரில் கிலோ 89 ரூபாய் 50 காசு வரை போன சிஎன்ஜி, 2024 மார்ச்சில் 73 ரூபாய் 50 காசுக்கு இறங்கியது. மீட்டர் 28-இலேயே நின்றது. ஓட்டுநர்கள் தரப்பில் இதற்குப் பதில் இருக்கிறது: இன்சூரன்ஸ் குறையவில்லை, வீட்டு வாடகை குறையவில்லை, ஆறு வருடம் நாங்கள் பொறுத்தோமே. நியாயமான பதில்தான். ஆனாலும் எரிபொருளுக்காக ஏற்றிய கட்டணம் எரிபொருள் இறங்கும்போது ஒரு ரூபாய்கூட அசையாது என்றால், அந்தச் சூத்திரத்தின் மேல் பயணிக்கு நம்பிக்கை எப்படி வரும்?

கணக்கில் இல்லாதது

இனி மந்தத்துக்கு வருவோம். மேலே சொன்ன பட்டியலில் ஒரு எண் இல்லை: ஒரு நாளைக்கு எத்தனை சவாரி கிடைக்கிறது என்பது. வண்டி வழக்கமாக இத்தனை கிலோமீட்டர் ஆளோடு ஓடும் என்று வைத்துக்கொண்டுதான் கணக்கே போடுகிறார்கள். மந்தம் கை வைப்பது சரியாக அந்த இடத்தில்தான்.

ஒரு கற்பனைக் கணக்கு போடலாம். எண்கள் என் சௌகரியத்துக்கு எடுத்துக்கொண்டவை. ஒருவர் வண்டியின் சொந்தக்காரரான சேட்டிடம் ஷிப்டுக்கு 600 ரூபாய் கொடுத்து டாக்சி எடுக்கிறார். ஒரு சவாரிக்குச் சராசரியாக 100 ரூபாய் கிடைக்கிறது, எரிபொருள் 30 ரூபாய். நல்ல நாளில் 20 சவாரி: 2,000 ரூபாய் வரவு, 600 எரிபொருள், 600 சேட்டுக்கு, கையில் 800.

மந்தம் வருகிறது. சவாரி 14 ஆகிறது. வரவு 1,400, எரிபொருள் 420, சேட்டுக்கு அதே 600. கையில் 380. சவாரி குறைந்தது 30 சதவீதம்தான், வருமானமோ பாதிக்கும் கீழே போய்விட்டது. காரணம் அந்த அசையாத 600. சொந்த வண்டி என்றாலும் கதை மாறாது, அங்கே வங்கித் தவணை அசையாது. உண்மையில் நிலைமை இதைவிட மோசமாகத்தான் இருக்கும், ஏனென்றால் ஆள் தேடிக் காலியாகச் சுற்றும் கிலோமீட்டர்கள் மந்த காலத்தில் கூடும்.

இப்போது யூனியன் கேட்டு, ஆணையம் 10 சதவீதம் ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். சவாரிக்கு 110 ரூபாய். 14 பேரும் முகம் சுளிக்காமல் ஏறினால் கையில் 520. பரவாயில்லை. ஆனால் வேலை போனவர், சம்பளம் வெட்டுப்பட்டவர், தையல் மெஷின் நின்றுபோனவர் எல்லாம் இருக்கிற ஊரில் இரண்டு பேர் பஸ்ஸுக்கோ ஷேர் டாக்சிக்கோ மாறிவிட்டால்? 12 சவாரி, 1,320 வரவு, 360 எரிபொருள், 600 சேட்டு. கையில் 360. ஏற்றாமல் இருந்திருந்தால் 380 கிடைத்திருக்கும்.

ஒரே ஒரு பயணி மட்டும் விலகினால் 440, அப்போது உயர்வு லாபம். இருவர் விலகினால் நஷ்டம். மந்த காலத்தில் கட்டணத்தை ஏற்றலாமா என்ற விவாதம் முழுக்க இந்த ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறது. பக்கத்தில் மலிவான மாற்று வழி இருக்கிறதா என்பதே இதைத் தீர்மானிக்கும். மும்பையில் அது தாராளமாக உண்டு. 2019 ஜூலையில் பெஸ்ட் குறைந்தபட்சக் கட்டணத்தை 5 ரூபாயாகக் குறைத்தது, 2025 மே வரை அதுவே நீடித்தது. 5 ரூபாய் பஸ் பின்னால் வந்து நிற்கும்போது 25 ரூபாய் டாக்சிக்கு எவ்வளவு ஏற முடியும்? அதே சமயம், கைக்குழந்தையோடு சயான் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர் மீட்டரைப் பார்க்க மாட்டார், என்ன கேட்டாலும் கொடுப்பார். கட்டண உயர்வின் சுமை கடைசியில் விழுவது இந்த மாதிரி வேறு வழி இல்லாதவர்கள் தலையில்தான்.

அப்படியானால் பழைய 800 ரூபாயை மீட்க என்ன வழி? 14 சவாரியில் அதை எடுக்க வேண்டுமென்றால், ஒருவர்கூட விலகாமல், சராசரிக் கட்டணம் 130 ரூபாய் ஆக வேண்டும். வேலையே இல்லாத ஊரில் 30 சதவீத உயர்வு! நடக்காது. ஆக, கட்டண உயர்வு ஏறிப்போன செலவை ஈடுகட்டும் கருவி. காணாமல் போன பயணியை அது கொண்டுவராது. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் ஒவ்வொரு மந்தத்திலும் இந்தச் சண்டை வருகிறது. இன்னொன்றும் இருக்கிறது: உயர்வு வந்த மறுமாதம் சேட் ஷிப்டுக் கூலியை 600-லிருந்து 700 ஆக்கினால் தடுக்க ஆணையத்திடம் ஒரு விதியும் இல்லை.

சவாரி குறையும்போது வண்டி கூடுகிறது

மந்தத்துக்கு இன்னொரு குணம் உண்டு. வேலை போனவர்கள் முதலில் திரும்பிப் பார்க்கும் தொழில்களில் ஒன்று வண்டி ஓட்டுவது. லைசென்ஸ், பேட்ஜ், கொஞ்சம் முன்பணம் இருந்தால் போதும். அதனால் பயணிகள் குறையும் அதே நேரத்தில் ஓட்டுநர்கள் கூடுகிறார்கள். இருக்கிற 14 சவாரியும் இன்னும் சிலருக்குப் பங்காகிப் போகிறது.

1930-களின் பெருமந்தத்தில் நியூயார்க்கில் நடந்தது இதுதான். வேலையற்றவர்கள் கூட்டம் கூட்டமாக டாக்சி ஓட்ட வந்தார்கள், கட்டணத்தை அடித்துப் பிடித்துக் குறைத்தார்கள், 1934-இல் பெரிய வேலைநிறுத்தமே வந்தது. 1937-இல் ஹாஸ் சட்டம் மூலம் நகரம் டாக்சிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டியது. அதற்கும் விலை கொடுக்க நேர்ந்தது: வரம்பு இருந்ததால் உரிமமே சொத்தாகி, 2014 வாக்கில் ஒரு உரிமம் பத்து லட்சம் டாலருக்கு மேல் கைமாறியது. ஊபர் போன்ற செயலி வண்டிகள் வந்ததும் அந்த விலை சரிந்து, கடன் வாங்கி உரிமம் வாங்கிய ஓட்டுநர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். நம் 1988 சட்டத்தை எழுதியவர்கள் மனதிலும் இந்தப் பயம் இருந்திருக்கிறது. பர்மிட் வைத்திருப்பவர்களிடையே கட்டுப்படியாகாத போட்டி வராமல் பார்த்துக்கொள்வதும் 67-ஆம் பிரிவு முதன்முதலில் எழுதப்பட்டபோது அதில் இருந்த நோக்கங்களில் ஒன்று. மகாராஷ்டிரமோ 2017-இல் ஆட்டோ, டாக்சி பர்மிட்டுகளுக்கு இருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. மூன்று வருடத்தில் கொரோனா வரும் என்று யாருக்குத் தெரியும்.

கீழ்வரம்பு என்று சொன்னேனே, அது இங்கேதான் வருகிறது. ஆட்கள் குவியும்போது ஒருவரை ஒருவர் முந்த விலையைக் குறைப்பார்கள். பயணிக்குக் கொஞ்ச காலம் கொண்டாட்டம். பிறகு பிரேக் கட்டையை மாற்றாமல் ஓட்டுவது, பதினாறு மணி நேரம் தூங்காமல் ஓட்டுவது என்று வேறு வழியில் செலவைக் குறைப்பார்கள். செயலி நிறுவனங்களுக்கு மத்திய அரசு 2020-இல் கொண்டுவந்த வழிகாட்டுதல்களில் இரண்டு பக்கமும் வேலி உண்டு: அடிப்படைக் கட்டணத்தில் பாதிக்குக் கீழே போகக்கூடாது, நெரிசல் நேரத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறக்கூடாது. 2025-இல் வந்த புதிய வழிகாட்டுதல் மேல் வேலியை இரண்டு மடங்காக உயர்த்தியது. செயலியில் விலை நேரத்துக்கு நேரம் மாறுகிறது, மாட்டுங்கா பூக்கடை போலவே. மீட்டர் வண்டிக்கு அந்த நெகிழ்வு கிடையாது. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு வண்டிகளுக்கு இரண்டு விதமான விலைச் சட்டம் என்பதில் கறுப்பு-மஞ்சள் டாக்சிக்காரர்களுக்கு இருக்கும் வருத்தம் புரிந்துகொள்ளக் கூடியதே.

வேறு என்ன செய்யலாம்

சரி, மீட்டரைத் தொடாமல் மந்தத்தைச் சமாளிக்க முடியுமா? அந்தக் கற்பனைக் கணக்கில் அசையாமல் நின்ற 600-ஐப் பாருங்கள். அதை அசைத்தால் பயணி ஒருவரும் விலக மாட்டார். ஷிப்டுக் கூலி 300 ஆனால், 14 சவாரியிலேயே கையில் 680. எனக்குக் கேட்டால், மந்த காலத்தில் அரசு முதலில் கை வைக்க வேண்டிய இடம் இதுதான்.

2020-இல் ஓரளவு அப்படி நடந்தது. கடன் தவணையைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி மார்ச் முதல் ஆகஸ்ட் வரை இடம் கொடுத்தது. காலாவதியான பர்மிட், தகுதிச் சான்றிதழ்களின் கெடுவை மத்திய அரசு பலமுறை நீட்டித்தது. 2021 ஏப்ரலில் மகாராஷ்டிர அரசு பர்மிட் வைத்திருக்கும் ஆட்டோ ஓட்டுநர்களுக்கு ஆளுக்கு 1,500 ரூபாய் அறிவித்தது. தொகை சின்னது, அதில் ஒரு வாரம் ஓட்டலாம். தவணை தள்ளிப்போனதே தவிரத் தள்ளுபடி ஆகவில்லை, வட்டி ஏறிக்கொண்டே இருந்தது. அதைவிடப் பெரிய ஓட்டை, பர்மிட் ஒருவர் பெயரிலும் ஸ்டியரிங் இன்னொருவர் கையிலும் இருக்கும் ஊரில், பர்மிட்டைப் பார்த்துக் கொடுக்கிற உதவி ஷிப்டுக்கு ஓட்டுகிறவரைச் சேராது.

இன்னொரு வழி, கட்டணத்தையே மந்தமான நேரத்தில் மட்டும் குறைப்பது. இது கடுவா குழுவின் அறிக்கையிலேயே இருக்கிறது. நண்பகல் 12 முதல் மாலை 4 வரை, வண்டிகள் ஸ்டாண்டில் தூங்கும் நேரத்தில், தள்ளுபடிக் கட்டணம் வைக்கலாம் என்று குழு பரிந்துரைத்தது. நீண்ட தூரத்துக்குக் கிலோமீட்டர் விகிதத்தைக் குறைக்கவும் சொன்னது. மீட்டர்கள் எல்லாம் எலக்ட்ரானிக் ஆகிவிட்டன, நள்ளிரவு தாண்டினால் கால் பங்கு கூட்டத் தெரிந்த மீட்டருக்கு நண்பகலில் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக்கொடுப்பது பெரிய வித்தை அல்ல. ஆனால் 2021-இலும் 2022-இலும் 2025-இலும் மீட்டருக்கு வந்து சேர்ந்தது அறிக்கையின் உயர்வுப் பகுதி மட்டும்தான்.